சொந்த வலைப்பூவா, பெரிய தளமா? ஊர் விஷயம் எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்

பொருநைக்கரையான் (அம்பாசமுத்திரம்)

எல்லாருக்கும் வணக்கம். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தாமிரபரணியின் அணைக்கட்டுகள், கால்வாய்கள், மடைகள், படித்துறைகள் பற்றிப் பல வருடமாக பிளாக்ஸ்பாட்டில் எழுதி வருகிறேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றில் எட்டு அணைக்கட்டு. கடைசி ஒன்று மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எந்த மடையில் எந்த ஊருக்குத் தண்ணீர், எந்தக் குளம் பெருகினால் மறுகால் எங்கே பாயும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

முன்பு பின்னூட்டம் வரும், சண்டை வரும், யாராவது கல்வெட்டுப் படம் அனுப்புவார்கள். இப்போது மாதம் ஒன்று எழுதினாலும் கேட்க நாதி இல்லை. கடைசியாகக் கூட்டம் வந்தது 2018 அக்டோபரில், தாமிரபரணி மகா புஷ்கரத்தின்போது. படித்துறை பற்றிய பழைய பதிவுகளைத் தேடி வந்தார்கள், குளித்தார்கள், போய்விட்டார்கள்.

மகன், "ஃபேஸ்புக்குக்கு மாறுங்கப்பா, இல்லைன்னா ரீல்ஸ் போடுங்க, வலைப்பூவையெல்லாம் இனி எவன் வாசிப்பான்" என்கிறான். மூடிவிட்டு மாறிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தென்காசி ருசி (தென்காசி)

அண்ணாச்சி, கோபப்படாதீங்க. உங்க மகன் சொல்றதுதான் சரி.

நான் யூடியூப்பில் சாப்பாட்டு வீடியோ போடுகிறவன். அதற்கு முன்னால் நானும் வலைப்பூ வைத்திருந்தேன். புரோட்டா சால்னா பற்றி நான் உயிரைக் கொடுத்து எழுதியதை வாசித்தவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். செங்கோட்டையில் கடை வைத்திருப்பவர் ஒருவர்கூட வாசித்ததில்லை. இப்போது அதே கடைக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு, "உப்பு பத்தலைன்னு சொல்லிட்டீரே" என்று போன் போடுகிறார். ஊரைப் பற்றி எழுதுகிறோம், ஊர் பார்க்கவில்லை என்றால் அது யாருக்கு?

காசும் இருக்கிறது. ஆயிரம் சந்தாதாரர், வருடத்தில் நாலாயிரம் மணி நேரம் பார்த்திருந்தால் விளம்பரத்தில் பங்கு தருகிறார்கள். வலைப்பூவில் தமிழுக்கு ஆட்சென்ஸ் என்ற கூகுள் விளம்பரம் வந்ததே 2018 பிப்ரவரியில்தான். அதற்குள் எழுதிய பாதிப் பேர் கடையைக் கட்டிவிட்டார்கள்.

பாளைத்தம்பி (சொந்த ஊர் பாளையங்கோட்டை, இப்போது சென்னை)

தென்காசி அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணாச்சியின் கேள்வியிலேயே ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. பிளாக்ஸ்பாட் என்பது "சொந்த" இடம் இல்லை. அதுவும் ஒரு பெரிய தளம்தான். 1999-இல் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. அது இன்றும் திறந்திருக்கிறது என்றால் கூகுள் இன்னும் மூடவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

2012 வாக்கில் இந்தியாவில் பிளாக்ஸ்பாட் முகவரிகளை எல்லாம் "டாட் காம்" இலிருந்து "டாட் இன்" னுக்குத் திருப்பினார்கள், ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் அந்த முகவரியைத்தான் நகலெடுத்து மற்றவர் பதிவில் சுட்டியாகக் கொடுத்தோம். 2020-இல் அந்த "டாட் இன்" முகவரி கூகுளின் கையை விட்டே போய்விட்டது. காலாவதி ஆகி வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பதிவுகள் டாட் காமில் பத்திரமாக இருந்தன, ஆனால் எட்டு வருடத்துச் சுட்டிகள் செத்துப் போயின. அவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு முகவரியைப் புதுப்பிக்க மறந்தது போலத்தான் வெளியிலிருந்து பார்த்த எங்களுக்குத் தெரிந்தது.

மூடியவற்றின் பட்டியலும் சின்னதில்லை. ஜியோசிட்டீஸ் 2009, ஆர்குட் 2014, கூகுள் பிளஸ் 2019. ஃபேஸ்புக்கில் நீளமாக எழுத "நோட்ஸ்" என்று ஒன்று இருந்தது, 2020 அக்டோபரோடு புதிதாக எழுத முடியாமல் செய்துவிட்டார்கள். அங்கே கதையும் கட்டுரையுமாக எழுதிக் குவித்தவர்கள் நம் வட்டத்திலேயே உண்டு.

தென்காசி ருசி

தம்பி, யூடியூப் அப்படியெல்லாம் மூடாது.

பாளைத்தம்பி

டிக்டாக்கில் இருந்தவர்களும் 2020 ஜூன் 28 வரை அதைத்தான் சொன்னார்கள். 29-ஆம் தேதி அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. கம்பெனி மூடவில்லை, தளம் படுக்கவில்லை, வேறெங்கேயோ எடுத்த முடிவு. சங்கரன்கோவில் பக்கத்துக் கரகாட்டக் கலைஞர்கள் சிலருக்கு அதில் நல்ல கூட்டம் சேர்ந்திருந்தது. வீடியோவாவது சிலர் எடுத்து வைத்திருந்தார்கள். சேர்ந்த கூட்டத்தை எப்படி எடுத்து வைப்பது?

மேலப்பாளையம் சகோதரி

இந்த விவாதம் எப்போதும் ஆண்கள் இரண்டு பேர் "என் இடம், உன் இடம்" என்று பேசுவதாகவே முடிகிறது. கொஞ்சம் வேறு பக்கமிருந்து சொல்கிறேன்.

பீடி சுற்றும் பெண்களைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இந்த வேலை உண்டு. மடியில் தட்டு, இலை வெட்ட ஒரு கை, சுற்ற ஒரு கை. இவர்கள் எங்கே உட்கார்ந்து வலைப்பூ வாசிப்பார்கள்? ஆனால் வாட்ஸ்அப் குரல் பதிவு கேட்பார்கள். ஒரு நாள் நான் எழுதியதையே வாசித்து அனுப்பினேன். பதில் குரலிலேயே வந்தது. ஒருத்தி பத்து நிமிடம் பேசினாள். இலையில் எத்தனை கழிக்கிறார்கள், பீடிக்கட்டுகளில் எத்தனை தள்ளுகிறார்கள், பிஎஃப் அட்டையில் பெயர் தப்பாக இருந்தால் என்ன பாடு. நான் எழுதியதைவிட அவள் பேசியது ஆயிரம் மடங்கு மேல். சொந்த டொமைன், அதாவது காசு கொடுத்து வாங்கும் இணைய முகவரி, வைத்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

அந்தக் குரல் பதிவுகள் இன்று எங்கே இருக்கின்றன என்று கேட்டால், என் பழைய போனில் கொஞ்சம், குழுவில் கொஞ்சம். பாதி திறக்கவில்லை. அடுத்தவர் அனுப்பியது மூன்று குழு தாண்டியதும் யார் பேசியது என்பதே போய்விடுகிறது.

ஒரு பெரிய தளத்தில் இதற்காகப் பக்கம் ஒன்றும் வைத்திருந்தேன். படத்தில் பீடி இருந்ததால் புகையிலை விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, முடக்கிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். பேச ஆளே கிடையாது. எங்கள் வார்டில் குழாய்த் தண்ணீர் வராவிட்டால்கூடத் திட்டுவதற்கு ஒரு மனிதர் இருக்கிறார்.

சும்மா வந்தவன்

அண்ணாச்சி, அல்வாவுக்கு வரிசையில் நிற்கிறவன் கிளை எங்கே இருக்கு, ஹெட் ஆபீஸ் எங்கே இருக்குன்னு கேட்கிறானா? எழுத்து நல்லா இருந்தா வருவான்.

வள்ளியூர் மைனர் (துபாய்)

சும்மா வந்தவரே, வரமாட்டான். நல்ல எழுத்தைத் தேடி ஆள் வருவான் என்பதெல்லாம் நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிற கதை. அன்றைக்கும் அப்படி யாரும் தானாக வரவில்லை. 2004-இல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்தது, பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தளம். அதற்குப் பின்னால் வேறு திரட்டிகளும் வந்தன. காலையில் ஆபீஸில் கணினியைத் திறந்ததும் திரட்டிக்குப் போனால், உலகத்தில் எவன் எவன் தமிழில் என்ன எழுதினான் என்பது வரிசையாக நிற்கும். பெரிய எழுத்தாளரின் பதிவுக்குக் கீழேயே களக்காட்டுக்காரர் ஒருவர் வாழைக்குலை விலை பற்றி எழுதியிருப்பார். அந்த வரிசைக்கு ஒரே விதிதான், கடைசியாக எழுதியது மேலே. உனக்கு எது பிடிக்கும் என்று எவனும் கணக்குப் போடவில்லை.

அதை இப்போது பொற்காலம் என்று தூக்கி வைத்துப் பேசுகிறார்கள், அதுவும் இல்லை. பெயரில்லாமல் வந்து குடும்பத்தையே இழுத்துத் திட்டிய அனானிகள், பதிவுக்கு ஓட்டுக் குத்த ஆள் சேர்த்த கும்பல்கள், சாதிச் சண்டை, ஒருவரை ஒருவர் முறை வைத்துப் பாராட்டிக்கொண்ட மொய்க் கணக்கு, எல்லாம் இருந்தது. ஒரு பெண் பதிவர் எழுத வந்தால் என்ன பாடு படுத்தினார்கள் என்பதைச் சகோதரி சொல்லட்டும். அப்புறம் திரட்டிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. 2013 ஜூலை 1-இல் கூகுள் தன் ரீடரை, பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் வாசிக்கத் தந்த கருவியை, மூடியது. ஓடை, அதாவது புதுப் பதிவைத் தானாக வாசகரிடம் கொண்டுவரும் வழி, என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அன்று கை ஒடிந்தது. எழுதுகிற இடம் அப்படியேதான் இருந்தது, அதற்குப் போகிற வழிதான் அடைபட்டது. எல்லாரும் ஃபேஸ்புக்குக்குப் போனது அங்கே எழுத வசதி என்பதற்காக இல்லை. அங்கேதான் ஆள் இருந்தார்கள்.

பாளைத்தம்பி

மைனர் அண்ணன் சொன்னதுதான் விஷயம். நான் எழுத உட்கார்ந்ததை அவரே எழுதிவிட்டார்.

ஓடை சாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்எஸ்எஸ் என்ற அந்த ஓடை நுட்பம் 1999-இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற பாட்காஸ்ட் எல்லாம் அடியில் ஆர்எஸ்எஸ்தான். பிளாக்ஸ்பாட்டும் வேர்ட்பிரஸ்ஸும் கேட்காமலேயே ஓடை தருகின்றன. சகோதரியின் குரல் பதிவுகளைக்கூட அப்படி ஓடையாக விடலாம், பேசியவர் சம்மதித்தால்.

வேர்ட்பிரஸ் தளத்தில் ஆக்டிவிட்டிபப் என்ற செருகியை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) போட்டால், மாஸ்டடான் என்ற சமூகத் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் அங்கிருந்தபடியே நம் தளத்தைப் பின்தொடரலாம். அதன் அடியில் இருக்கும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் ஊரில் மாஸ்டடானில் எத்தனை பேர் என்று கேட்டால் நான் எழுந்து போய்விடுவேன்.

தென்காசி ருசி

ஓடை, செருகி, டபிள்யூ3சி. தம்பி, எங்க அம்மா யூடியூப்பைத் திறக்க மைக்கை அமுக்கிப் "புளிக்குழம்பு" என்று சொல்கிறாள். அவளுக்கு நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

மேலப்பாளையம் சகோதரி

இது நல்ல கேள்வி. பாளைத்தம்பி பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

பாளைத்தம்பி

சொல்கிறேன். அம்மாவுக்கு யூடியூப்தான். அதில் எனக்குத் தகராறே இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். யூடியூப்பில் இருப்பது மட்டுமே ஒரே பிரதியாக இருக்கலாமா?

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் தோட்டத்தில் வேலை நின்றது, தலைமுறைகளாக மேலே இருந்த குடும்பங்கள் விருப்ப ஓய்வு வாங்கிக் கீழே இறங்கின. அப்போது எத்தனை வீடியோ, எத்தனை படம்! லயன் வீடு, கோயில் கொடை, பள்ளிக்கூடம், பஸ். எல்லாம் ரீல்ஸாகவும் ஸ்டேட்டஸாகவும் ஓடியது. ஸ்டேட்டஸ் இருபத்துநாலு மணி நேரத்தில் போய்விடும். குழுவில் போட்டது கூகுள் தேடலில் வராது. ஃபேஸ்புக்கின் உள்ளே இருப்பதை, வலைப்பக்கங்களுக்குப் பிரதி எடுத்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகம் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) பெரும்பாலும் எடுத்து வைக்க முடியாது, கணக்கு இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். 1999 ஜூலை 23-இல் அந்தத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் 17 பேர் ஆற்றில் செத்தார்கள். அதைப் பற்றி இன்று வாசிக்க வேண்டுமென்றால் அச்சில் வந்தது கிடைக்கிறது. 2024-ஐப் பற்றி இருபது வருடம் கழித்துத் தேடுகிறவனுக்கு என்ன கிடைக்கும்?

வள்ளியூர் மைனர்

கிடைக்காதது ஒரு பக்கம். தப்பாகக் கிடைப்பது இன்னொரு பக்கம். சுலோச்சன முதலியார் பாலம் 1843. வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பழைய படம் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்துவிடும். ஒரு தடவை பாலத்துக்கு வயது இருநூற்றைம்பது, ஒரு தடவை கட்டியது கட்டபொம்மன். முதலில் எழுதியவர் பெயரை வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். வலைப்பூவில் தப்பாக எழுதினால் கீழே ஒருவர் வந்து திருத்துவார், திருத்தமும் அங்கேயே நிற்கும். ஃபார்வேர்டில் எங்கே போய்த் திருத்துவது?

களக்காட்டு வாழை

யாரும் பேசாத ஒன்று. சொந்தத் தளம் வைத்தாலும் கம்பி நம்முடையது இல்லை. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் செத்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்திவிட்டார்கள். நாள் கணக்கில் ஒன்றும் கிடையாது. ஃபேஸ்புக்கும் இல்லை, பாளைத்தம்பியின் சொந்த டொமைனும் இல்லை. 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னதற்கு, இணைப்பு தரும் கம்பெனிகள் சில மொத்த பிளாக்ஸ்பாட்டையும் தடுத்துவிட்டன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அரசே நிறுத்த வேண்டியிருக்கவில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, டவர் எல்லாம் தானாகவே படுத்துவிட்டது.

"சுதந்திரமான" வலைப்பதிவு என்று பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம்.

பொருநைக்கரையான்

எல்லாரும் இவ்வளவு அக்கறையாக எழுதியது சந்தோஷம். அந்த வெள்ளத்தின்போது நடந்தது ஒன்று சொல்கிறேன். மருதூர் கீழக்கால் எங்கே உடைத்துக்கொள்ளும் என்பது பற்றி நான் முன்பு எழுதியதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப, அது எனக்கே திரும்பி வந்தது. என் பெயர் இல்லை. பரவாயில்லை. ஆனால் அதில் பாதிப் பத்திதான் இருந்தது. எந்த மடை அடைத்திருந்தால் அப்படி ஆகும் என்ற மீதிப் பாதி விடுபட்டிருந்தது. அதை நம்பி எவனாவது ராத்திரியில் கரைக்குப் போயிருந்தால் என்ன ஆவது?

சரி, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. நேராகவே கேட்கிறேன். நான் போன பிறகு இது என்ன ஆகும்? பாளைத்தம்பி சொல்கிறபடி சொந்த டொமைன் வாங்கினால் நல்லதா?

வள்ளியூர் மைனர்

அண்ணாச்சி, நூறு வருஷம் இருப்பீங்க. ஆனால் கேள்வி சரியான கேள்வி. இதில் எனக்கு ஒரு வருத்தமான கணக்கு இருக்கிறது. எங்கள் செட்டில் எழுதி, இறந்துபோன நண்பர்கள் சிலர் உண்டு. இலவச பிளாக்ஸ்பாட்டில் எழுதியவர்களின் பக்கம் இன்றும் திறக்கிறது. காசு கொடுத்து டொமைனும் ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்க வாடகை இடமும்) எடுத்தவர்களுடையது அடுத்த வருடமே போய்விட்டது. கார்டில் பணம் எடுக்க ஆள் இல்லை, வீட்டில் யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாது. ஒருவருடைய முகவரியில் இப்போது சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. சுதந்திரம் பேசியவருக்கு அது நேர்ந்தது.

பாளைத்தம்பி

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ஆனால் பிளாக்ஸ்பாட்டை நம்பியும் இருக்க முடியாது. இரண்டு வருடம் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று 2023-இல் கூகுள் விதி கொண்டுவந்திருக்கிறது. ஆகவே அண்ணாச்சி, டொமைனை விடுங்கள். முதலில் இவற்றைச் செய்யலாம்.

கூகுள் கணக்கில் "செயலற்ற கணக்கு நிர்வாகி" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் மகன் பெயரைக் கொடுங்கள். நீங்கள் சில மாதம் வராவிட்டால் அவருக்குத் தகவலும் தரவும் போகும். பிறகு பிளாக்ஸ்பாட்டை நடத்தும் பிளாக்கரின் அமைப்புகளில் போய் மொத்தப் பதிவையும் ஒரே கோப்பாக இறக்குங்கள். எழுத்தும் பின்னூட்டமும் அதில் இருக்கும், படம் இருக்காது, படத்தின் முகவரி மட்டும் இருக்கும். படங்களைத் தனியாக எடுக்க வேண்டும், அது நான் பார்த்துக்கொள்கிறேன். முக்கியமான பதிவுகளின் முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தில் கொடுத்துச் சேமிக்கச் சொன்னால் அவர்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்வார்கள், காசு கிடையாது.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்று 2013-இலிருந்து நடத்துகிறார்கள். ஆசிரியர் அனுமதி கொடுத்தால் வலைப்பூவில் எழுதியதை மின்னூலாக்கி யாரும் இலவசமாக இறக்கும்படி போடுகிறார்கள். அணைக்கட்டுகள் ஒரு நூல், படித்துறைகள் ஒரு நூல் என்று பிரிக்கலாம். நூறு பேர் இறக்கி வைத்திருந்தால் நூறு இடத்தில் இருக்கும். எந்தக் கம்பெனி எதை மூடினாலும் கவலை இல்லை. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு ஓர் அச்சுப் பிரதியும் கொடுத்துவிடலாம்.

அதன் பிறகு ஃபேஸ்புக்கில் போடுங்கள், ரீல்ஸ் போடுங்கள், எங்கே வேண்டுமானாலும் போடுங்கள்.

மேலப்பாளையம் சகோதரி

காசு பற்றி ஒரு வரி. சப்ஸ்டாக் மாதிரி, எழுத்தை மின்னஞ்சலில் அனுப்பும் தளத்தில் சந்தா வாங்கலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு ஸ்டிரைப் என்ற பணம் வாங்கித்தரும் நிறுவனத்தில் கணக்கு வேண்டும், இந்தியாவில் புதிதாக அது அழைப்பு இல்லாமல் கிடைப்பதில்லை. நான் பதிவின் கடைசியில் ஜிபே குறியீட்டைப் போட்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் வராது, ஆனால் வருவது நேராக வருகிறது. பீடி சுற்றும் ஒருத்தி பத்து ரூபாய் அனுப்பியிருந்தாள். வேண்டாம் என்று போன் பண்ணித் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொண்டாள்.

தென்காசி ருசி

அண்ணாச்சி, சண்டை போட்டது போதும். கன்னடியன் அணைக்கட்டை நான் வந்து வீடியோ எடுக்கிறேன். நீங்கள் பேசுங்கள், நான் கேமரா. கல்லிடைக்குறிச்சியில் சாப்பாட்டுக் கடையும் ஒன்று பார்க்க வேண்டும், இரண்டு வேலையும் ஆகும்.

பொருநைக்கரையான்

வாருங்கள் தம்பி. ஆனால் இப்போது வேண்டாம், பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அறுப்பு முடிந்து கால்வாயை அடைத்த பிறகு வந்தால்தான் பழைய கல்வரிசை தெரியும். வருவதற்கு முன்னால் என் பதிவை வாசித்துவிட்டு வர வேண்டும். வீடியோவுக்குக் கீழே முழுப் பதிவின் சுட்டியும் வேண்டும்.

தென்காசி ருசி

சுட்டி முதல் வரியிலேயே போடுகிறேன். யாரும் தொட்டுப் பார்க்க மாட்டான், இருந்தாலும் போடுகிறேன்.

பாளைத்தம்பி

அண்ணாச்சி, நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்துவிட்டேன். எழுத்து முழுதாக வந்திருக்கிறது. ஆரம்ப காலப் பதிவுகளில் படங்கள் சில திறக்கவில்லை, வேறு ஏதோ இலவசத் தளத்தில் ஏற்றிச் சுட்டி கொடுத்திருக்கிறீர்கள், அந்தத் தளமே இப்போது இல்லை. நதியுண்ணி மதகுப் படம் உட்பட. மூலப் படம் உங்களிடம் இருக்கிறதா?

பொருநைக்கரையான்

சிடியில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். வீட்டில் இருக்கிற லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. யாரிடமாவது டிரைவ் இருந்தால் சொல்லுங்கள், அம்பைக்குப் பக்கத்தில் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

களக்காட்டு வாழை

என்னிடம் இருக்கிறது. சேரன்மகாதேவிக்கு வாரத்துக்கு இரண்டு நாள் வருவேன், பஸ் ஸ்டாண்டில் தருகிறேன். தூசி தட்டிப் பார்க்க வேண்டும், ஓடும் என்றுதான் நினைக்கிறேன்.